ஆள் இருந்தால் நம்ம மேடு

ஜவ்வாது மலையில் நான் சர்வேயராக இருந்த காலத்தில் ஒரே மேட்டில் இரண்டு வகை சர்க்கார் கல் நின்றது. ஒன்று எங்கள் வருவாய்த்துறைக் கல், தலையில் முக்கோணம் கொத்தியது. இன்னொன்று வனத்துறைக் கல், வெள்ளையடித்துக் கறுப்பில் எண் போட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய ஏரி அகலத்துக்கு மொட்டை மேடு. எங்கள் வரைபடத்தில் அது எங்களுடையது. அவர்கள் வரைபடத்தில் அவர்களுடையது. இரண்டு வரைபடத்தையும் போட்டது ஒரே சர்க்கார்தான் என்பதை மட்டும் இரண்டு ஆபீசிலும் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

நான் கலசப்பாக்கம் பக்கத்து நெல்வயல்காரன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடமே என்னை மலைக்குத் தள்ளிவிட்டார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஜமுனாமரத்தூர் வரைக்கும் பஸ், அதற்கு மேல் நடைதான். அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு செயின்மேன் முன்னால் போவார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போவேன். என் வேலையைப் பற்றி எனக்கு அப்போது ஏகப்பட்ட கர்வம் இருந்தது. நான் கல் நட்ட இடம்தான் எல்லை, அதை மாற்ற எவனாலும் முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அந்த ஆளை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

அந்த மேட்டில் அப்படி என்னதான் இருந்தது என்று கேட்கலாம். ஒன்றுமில்லை. ஈச்சம்புதர், சீத்தாச்செடி, பாறை, காற்று. சந்தனமரம்கூடக் கிடையாது. ஆனால் மலையின் மறுபக்கத்திலிருந்து ஒரு ரோடு வரப்போவதாகவும் அது அந்த மேட்டின் வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்றும் ஒரு பேச்சு அடிபட்டது. அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. நாங்கள் நட்ட கல் அடுத்த மாதம் போனால் படுத்துக் கிடக்கும். அவர்கள் கல் அதற்கடுத்த மாதம் பள்ளத்தில் உருண்டு கிடக்கும். யார் செய்தது என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் பங்கை நானும் செயின்மேனும்தான் செய்தோம்.

அப்போது கீழே எங்கள் ஆபீசுக்குப் புதிதாக ஒரு தாசில்தார் வந்தார். படித்த மனிதர். மற்ற தாசில்தார்கள் சாமி படம் மாட்டும் இடத்தில் அவர் உலகப்படம் மாட்டியிருந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, படத்தின் உச்சியில் வெள்ளையாக இருந்த இடத்தில் விரலை வைத்துக்காட்டிப் பாடம் எடுத்தார். வடதுருவத்துக்குப் பக்கத்தில் பனி மூடிய தீவுகள் இருக்கின்றனவாம். ஒரு நாடு அதெல்லாம் தன்னுடையது என்கிறதாம். ஆனால் மற்ற நாட்டு வேட்டைக்காரர்களும் கப்பல்காரர்களும் தங்கள் பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த அரசாங்கம் சண்டைக்குப் போகவில்லை. பனிக்கு நடுவே ஒரு போலீஸ் ஸ்டேஷனைத் திறந்தது. ஒரு போஸ்ட் ஆபீசையும் திறந்தது. கடிதம் எழுத அங்கே ஆளே கிடையாது, கப்பலும் வருடத்துக்கு ஒருமுறைதான். அப்புறம் தெற்கே இருந்து சில குடும்பங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே இறக்கிக் குடிவைத்தது. அதற்குப் பிறகு அந்த இடம் யாருடையது என்று எவனும் வாய் திறக்கவில்லை என்றார்.

"கல்லை எவன் வேணும்னாலும் பிடுங்கிப் போட்டுடலாம்யா. குடும்பத்தைப் பிடுங்க முடியாது. ஆள் இருந்தா நம்ம மேடு," என்றார்.

எனக்குப் புல்லரித்தது. எங்கள் ஈச்சம்புதர் மேட்டுக்கும் உலகத்தின் உச்சிக்கும் ஒரு சம்பந்தம் உண்டாகிவிட்டதே என்று பெருமையாகக்கூட இருந்தது. ஆறு குடும்பம் போதும், நீயே பார்த்துக் கூட்டிவா என்றார். யாரைக் கேட்பது என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்கு ஒரு வீடு தெரியும்.

மேட்டிலிருந்து அரைநாள் நடையில், கிழக்குச் சரிவில் ஒரு சிற்றூர் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வீடுகள். பட்டா யாருக்கும் கிடையாது. பட்டா இல்லையே என்ற கவலையும் யாருக்கும் கிடையாது. அளவைக்குப் போகும்போதெல்லாம் நானும் செயின்மேனும் அங்கே ஒருவர் வீட்டில்தான் தங்குவோம். நாற்பது வயதிருக்கும் அவருக்கு. ஒல்லியான உடம்பு, நிதானமான பேச்சு. மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். இரண்டு மானாவாரிக் கொல்லைகள் வைத்திருந்தார், அதனால் நான் அவரைக் கொல்லைக்காரர் என்றே கூப்பிடுவேன். அந்த அம்மா போடும் சாமைச்சோற்றையும் கொள்ளுக் குழம்பையும் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பேன் என்று கணக்கில்லை. சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கப்போய் ஒருமுறை திட்டும் வாங்கியிருக்கிறேன்.

அந்த ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மூன்று நான்கு வருடம் சாமையும் கேழ்வரகும் விதைத்த கொல்லையை அடுத்த சில வருடங்கள் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவார்கள். கொல்லை தூங்குகிறது என்பார்கள். நுழைகிற இடத்தில் ஒரு முள்கட்டு வைத்து அதன்மேல் ஒரு கல்லை ஏற்றிவிட்டால் போதும். ஆடு மேய்க்கிறவன்கூட உள்ளே போகமாட்டான். பயிர் நிற்கிற கொல்லையைவிட முள் வைத்த கொல்லைக்குத்தான் அங்கே உரிமை அதிகம். ஏனென்று ஒருநாள் கொல்லைக்காரரைக் கேட்டேன். விதைப்பதை மச்சானும் செய்யலாம், கூலிக்காரனும் செய்யலாம், முள் வைப்பதைக் கொல்லைக்குச் சொந்தக்காரன் மட்டும்தான் செய்யலாம் என்றார். எனக்கு அது விநோதமாக இருந்தது. எங்கள் ஆபீஸ் கணக்கில் விதைத்தால் பயிர், விதைக்காவிட்டால் தரிசு. மூன்றாவதாக ஒன்று கிடையாது.

நான் போய் விஷயத்தைச் சொன்னேன். புது ஊர், புது வீடு, சர்க்காரே கட்டிக்கொடுக்கும், ரேஷன் வரும், பள்ளிக்கூடம் வரும், ரோடு வந்தால் முதலில் உங்கள் வாசலில்தான் வரும் என்று அளந்துவிட்டேன். ஊர்க்காரர்கள் நான்கைந்து பேர் சுற்றி நின்று கேட்டார்கள். கொல்லைக்காரர் மனைவிதான் முதலில் வாய் திறந்தார்.

"அந்த மேட்டுல தண்ணி எங்க கீது?"

சுனை இருக்கிறது என்றேன். வருடம் பூராவும் இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன். அந்தச் சுனையை நான் பார்த்தது ஐப்பசி மழையில், பாறை வழிந்து ஓடிக்கொண்டிருந்தபோது. மாசியில் அந்தப் பக்கம் நான் எட்டிப்பார்த்ததே இல்லை. ஆனாலும் இருக்கும் என்றேன்.

கொல்லைக்காரர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். அங்கே ஒத்துவரவில்லை என்றால் திரும்பி வரலாமா என்றார். இதை யாராவது கேட்பார்கள் என்று நான் முன்பே தாசில்தாரிடம் சொல்லியிருந்தேன். "சொல்லிக்கோ, எழுதாதே," என்று சொல்லியனுப்பியிருந்தார் அவர். சொன்னேன்.

"ரெண்டே வருஷம். புடிக்கலன்னா நானே வந்து கூட்டியாந்து உங்க வூட்டுல வுட்டுட்டுப் போறேங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சரி என்றார். மற்ற ஐந்து குடும்பங்கள் சர்க்காரை நம்பி வரவில்லை, என்னை நம்பியும் வரவில்லை. அவர் போகிறாரே என்று வந்தார்கள். என் பையில் இருந்த உத்தரவில் இரண்டு வருடம் என்ற பேச்சே கிடையாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தை அறுவடை முடிந்ததும் கிளம்பினார்கள். கிளம்புகிற அன்று அவர் இரண்டு கொல்லைகளிலும் முள் வைத்துக் கல் ஏற்றினார். மற்றவர்களும் வைத்தார்கள். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. எப்போதும் ஒரு கொல்லை தூங்கினால் இன்னொன்றில் பாடுபட வேண்டும். இந்தத் தடவை இரண்டும் ஒன்றாகத் தூங்கட்டும், வரும்போது நன்றாக விளையும் என்றார். நானும் ஆமாம் போட்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அவருக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வருடம் யாரையாவது விட்டு நான்கு படி சாமையை அந்த மண்ணில் வீசச் சொல்லியிருந்தால்கூடப் போதும். என் புத்திக்கு எட்டவில்லை.

மேட்டில் குடியேற்றம் தடபுடலாக நடந்தது. தாசில்தார் மூச்சிரைக்க நடந்தே வந்தார். மூங்கில் கம்பம் நட்டுக் கொடி ஏற்றினார். ஆறு குடிசைக்கும் எண் போட்டோம். ரேஷன் கடை என்று ஒரு பலகை மாட்டினோம், கடை வரவில்லை. பள்ளிக்கூடம் என்று ஓர் அறை கட்டினோம், வாத்தியார் வரவில்லை. சிவப்புத் தபால்பெட்டி ஒன்று மட்டும் நிஜமாகவே வந்துவிட்டது. அதை ஒரு கம்பத்தில் மாட்டினார்கள். வாரம் ஒருமுறை தபால்காரர் அதற்காகவே மேலே ஏறிவந்து, பூட்டைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்து, அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு இறங்குவார். ஆறு குடும்பத்தில் எழுதப்படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. தேர்தல் வந்தபோது அந்த ஆறு குடும்பத்துக்காக ஓட்டுப்பெட்டியைத் தலையில் சுமந்து கொண்டு ஒரு படையே வந்தது. தாசில்தார் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக் கேஸ் கட்டில் சேர்த்தார்.

வனத்துறை சும்மா இருக்குமா. மேட்டின் மறுகோடியில் ஒரு குடிசை போட்டு ஒரு காவலரை உட்கார வைத்தார்கள். அவரும் ஒரு கொடி ஏற்றினார். சுதந்திர தினத்தன்று ஒரே மேட்டில் ஒரே நாட்டுக் கொடி இரண்டு இடத்தில் பறந்தது. தனியாக உட்கார்ந்திருந்த காவலருக்கு அடுப்பு மூட்ட நெருப்பு எங்கள் ஆட்கள்தான் கொடுத்தார்கள். நாங்கள் மேலே இல்லாதபோது அவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பீடி குடிப்பார்கள் என்று செயின்மேன் சொல்வார்.

குடிவந்த அடுத்த மாதமே மாசி வந்தது, சுனை வற்றியது. பெண்கள் சரிவில் இறங்கி, காட்டுக்குள் இருந்த ஓடைக்குப் போய்த் தண்ணீர் சுமந்து ஏறினார்கள். போய்வர ஒரு காலை முழுதும் பிடிக்கும். ஓடை வனத்துறை எல்லைக்குள் இருந்தது. காவலர் பிடித்திருக்கலாம், அவர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். ஆடி மாதத்தில் சாமை விதைத்தார்கள். அந்த மேட்டின் காற்று என்ன காற்று என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது. கதிர் பிடிக்கிற நேரத்தில் பயிர் மொத்தமும் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. மிச்சத்தைப் பன்றி தின்றது. இரண்டாவது வருடமும் அதுவேதான் நடந்தது.

நான் மேலே போகும்போதெல்லாம் அவர் வீட்டுக்குப் போவேன். அந்த அம்மா எனக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். முன்பெல்லாம் செம்பு நிறைய இருக்கும். இப்போது பாதிதான் இருந்தது. கோபத்தில் குறைத்தாரா, இருந்ததே அவ்வளவுதானா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பி வைத்துவிடுவேன். சாப்பிடச் சொல்லி அவர் அதற்குப் பிறகு என்னைக் கேட்டதே இல்லை.

இரண்டு வருடம் முடிந்ததும் கொல்லைக்காரர் ஆபீசுக்கு வந்தார். மலை இறங்கி, பஸ் பிடித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, நாள் பூராவும் புளியமரத்தடியில் நின்றார். நான் உள்ளே போய்த் தாசில்தாரிடம் சொன்னேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போல் பார்த்தார். கேஸ் மாவட்ட ஆபீசில் இருக்கிறது, இந்த நேரத்தில் ஒரு குடும்பம் இறங்கினாலும் மொத்தமும் போச்சு என்றார். நான் வெளியே வந்தேன். இன்னும் ஒரே ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளுங்கள், மேலதிகாரிகள் பார்க்க வருகிறார்கள், வந்து பார்த்துவிட்டால் முடிந்தது என்று பூசி மெழுகினேன். அவர், நீங்க சொன்னா சரிங்க சார் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். அவர் சண்டை போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மூன்றாவது வருடம் இரண்டு துறையும் சேர்ந்து பார்வையிடும் உத்தரவு வந்தது. காட்டு நிலத்தைத் தொட முடியாதபடி டெல்லியில் ஒரு சட்டம் வரப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். மேட்டை மட்டும் பார்த்தால் போதாது, சுற்றிலும் உள்ள நிலம் எல்லாவற்றுக்கும் பட்டியல் வேண்டும் என்றார்கள். கிழக்குச் சரிவு என் பங்குக்கு வந்தது. நானும் செயின்மேனும் வனத்துறை ரேஞ்சர் ஒருவரும் போனோம்.

அந்த ஊரில் பாதி வீடுகள் கூரை சரிந்து கிடந்தன. நாங்கள் கூட்டிப்போன ஆறு வீடுகள்தான் அவை. கொல்லைக்காரரின் முதல் கொல்லைக்கு வந்தோம். புல் இடுப்பளவு வளர்ந்து நின்றது. மண் கறுப்பாக, காலை வைத்தால் பொதபொதவென்று இறங்கியது. மூன்று வருடம் தூங்கிய மண். நுழைகிற இடத்தில் முள்கட்டும் கல்லும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஊரில் மிச்சமிருந்தவர்கள் யாரும் அதைத் தொடவில்லை.

பட்டியலில் ஒரு பத்தி இருந்தது. தற்போதைய நிலை. ரேஞ்சர் என் பக்கத்தில் நின்று, நான் என்ன எழுதப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். செயின்மேனும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த முள் தெரியும். அதே வீட்டில் அவரும் சாப்பிட்டவர். எழுதினால் என்ன என்று ஒரு நிமிடம் யோசித்தேன். இன்னாருடைய அனுபவத்தில் உள்ளது, ஓய்வில் விடப்பட்டது என்று ஒரு வரி. அப்படி எழுதினால், அந்த இன்னார் எங்கே என்ற கேள்வி வரும். மேட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கிறார் என்று நாங்கள் காட்டிக்கொண்டிருக்கும் ஆளுக்கு வேறொரு ஊர் இருக்கிறது என்று ஆகிவிடும். தாசில்தார் என்னைச் சும்மா விடமாட்டார். எனக்குப் பயமாக இருந்தது. அதற்கு வேறு பெயர் வைத்து நான் சப்பைக்கட்டுக் கட்டப்போவதில்லை. தரிசு, ஆள் குடியிருப்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெறும் பட்டியல்தானே, இதை வைத்து என்ன செய்துவிடப் போகிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் ஜெயித்தோம். ஆறு குடும்பம், ஓட்டு, தபால்பெட்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மேடு வருவாய்த்துறைக்கே சொந்தம் என்று முடிவாயிற்று. ஆபீசில் லட்டு கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். சாயங்காலம்தான் உத்தரவின் இரண்டாவது பக்கத்தைப் படித்தேன். மேட்டுக்குப் பதிலாக அதே அளவு நிலத்தை, யாருடைய அனுபவத்திலும் இல்லாத நிலமாகப் பார்த்து, வனத்துறைக்குக் கொடுத்திருந்தார்கள். கிழக்குச் சரிவு. என் பட்டியலில் நான் தரிசு என்று எழுதிய சர்வே எண்கள் வரிசையாக இருந்தன.

இதெல்லாம் நடந்து பல வருடங்கள் கழித்து, எண்பதுகளின் கடைசியில், வேலூரில் ஒரு பல் டாக்டரிடம் காத்திருந்தபோது பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றைப் புரட்டினேன். தாசில்தார் சொன்ன அந்தப் பனித்தீவுகளைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. அங்கே குடிவைக்கப்பட்ட குடும்பங்களிடமும் இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கூட்டிப்போக யாரும் வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் தங்களை ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பாதி தாசில்தாருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தாலும் அவர் என்னிடம் சொல்லியிருக்கப் போவதில்லை. பல்லைக்கூடக் காட்டாமல் எழுந்து வந்துவிட்டேன்.

லட்டு தின்ற அந்த வருடம் உத்தரவைப் பற்றி நான் மேட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை. போக வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். ஒவ்வொரு வாரமும் ஒரு வேலை வந்துவிடும். வராவிட்டால் நானே ஒன்றை இழுத்துப் போட்டுக்கொள்வேன். தாசில்தார் பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போனார். உலகப்படத்தைக் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஆடியில் கொல்லைக்காரர் யாரையும் கேட்காமல் மனைவியோடு தன் ஊருக்கு நடந்தார். இரண்டும் ஒன்றுமாக நான் சொன்ன மூன்று வருடக் கெடு தாண்டிவிட்டது, மேலதிகாரிகள் வந்து பார்த்தும் ஆயிற்று, இனித் தடை ஏது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு, புல்லை வெட்டி, மண்ணைக் கொத்தினார். கொல்லையின் மூலையில் புதிதாக வெள்ளைக்கல் நின்றது. அதைச் சுற்றிக் கொத்தியிருக்கிறார். நான்காம் நாள் வனத்துறையினர் வந்து, ரிசர்வ் காட்டில் அத்துமீறி நுழைந்து உழுததாகக் கேஸ் எழுதினார்கள். மண்வெட்டியையும் விதைச்சாமையையும் எடுத்துக்கொண்டார்கள்.

கீழே கோர்ட்டில் விசாரணை. பட்டியலில் கையெழுத்து என்னுடையது என்பதால் சாட்சிக்கு எனக்குச் சம்மன் வந்தது. அவர் கூண்டில் நின்றார். அந்த அம்மா கதவோரம் நின்றார். இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். நீங்கள் நேரில் போய்ப் பார்த்து எழுதியதுதானா என்றார்கள். ஆமாம் என்றேன். மாஜிஸ்ட்ரேட் அவரைப் பார்த்து, நிலம் தரிசாகக் கிடந்தது உண்மைதானா என்று கேட்டார்.

"தரிசு இல்லீங்க. தூங்கினு இருந்திச்சு. முள்ளு வெச்சிருந்தேன். சர்வேயர் சாருக்குத் தெரியும்ங்க," என்றார்.

மாஜிஸ்ட்ரேட் எரிந்து விழுகிற ஆளில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். இவர் சொல்வது உங்களுக்குத் தெரியுமா என்று நிதானமாகவே கேட்டார். அந்த இடத்தில் நான் தெரியும் என்று சொல்லியிருந்தால் கேஸ் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம். என் வேலை போயிருக்கலாம். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லாமல், இதோ சொல்லிவிடுவார் என்ற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டியல்ல இருக்கிறதுதான் சார் எனக்குத் தெரியும்," என்றேன்.

அபராதம் போட்டார்கள். இனிமேல் கிழக்குச் சரிவில் காலை வைத்தால் ஜெயில் என்று எச்சரித்து அனுப்பினார்கள். அபராதத்தை நான் கட்டப் போனேன். அவர் என் கையை ஒதுக்கிவிட்டு, மடியிலிருந்து எடுத்துத் தானே கட்டினார்.

வெளியே பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் அவர்களோடு கொஞ்ச தூரம் நடந்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. எதற்கென்று ஆரம்பிப்பது என்று தெரியாமல் கூடவே நடந்தேன். பஸ் வந்து நின்றதும் அவர் ஏறிவிட்டார். அந்த அம்மா படியில் ஒரு கால் வைத்துவிட்டு நின்றார். அந்த மேட்டுக்குப் போன பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல்தடவை.

"நாங்க அங்கியே இருந்துக்கறோம். இனிமே போறதுக்கு எங்க எடம் கீது? எங்களோட போவட்டும். வேற யாரு வூட்லயும் போயி சாப்புட்டு, அங்க கூட்டினு வந்துடாதீங்க."

சரிங்க என்றேன். பஸ் போனது.

கார்த்திகையில் புதிய தாசில்தாரிடமிருந்து எனக்கு ஓர் உத்தரவு வந்தது. ரோடு வருகிற வரைக்கும் மேட்டில் குடியிருப்பைப் பலப்படுத்த வேண்டுமாம், இன்னும் நான்கு குடும்பங்களுக்கு இடம் ஒதுக்க வேண்டுமாம். மலையின் தென்புறத்தில் ஓர் ஊரில் எனக்குப் பழக்கமான வீடுகள் இருந்தன. போனேன். அங்கே ஒரு வீட்டில் களி கிண்டிப் போட்டார்கள். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, மேட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.